என் வாசலில் நடாத கம்பம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, நன்கு யோசித்து, பிறர் தூண்டுதல் எதுவுமின்றி, கேட்டுக்கு இடப்பக்கம் நிற்கும் முருங்கை மரத்தை வெட்ட அனுமதிப்பதில்லை என்று முடிவு செய்தேன். சாட்சி: எதிர் வீட்டு டெரன்ஸ். முடிவு அறிவிக்கப்பட்டபோது தெருவில் இரண்டு ஆடுகளும் ஒரு காலி மீன்கூடையும் இருந்தன.

பின்னணி: நம் ஊருக்கு பைபர் இணைய இணைப்பு வருகிறது. ஒளியில் ஓடுமாம். கம்பெனியின் மேற்பார்வையாளர் ஜெர்சன், நம் மாவட்டத்து நாசரேத் ஊர்க்காரர், இஸ்திரி கலையாத சட்டையுடன் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயா, இந்த வேஸ்ட் மரத்த எடுத்துட்டா இங்கனயே ஒரு போஸ்ட் நட்டுரலாம். உங்க வரிசைக்கு லைன் நேரா போயிரும்" என்றார்.

அதுவரை அந்த மரத்தைப் பற்றி எனக்கும் அதே கருத்துதான். காய் கசக்கும். மார்கழியில் கம்பளிப்பூச்சி சுவரேறி வீட்டுக்குள் வரும். ஆனால் 'வேஸ்ட்' என்ற சொல்லை என் வாசலில் நின்று இன்னொருவர் சொன்னதும் மரத்தின் மேல் எனக்கு ஒரு பக்தி பிறந்தது. மனிதன் வருவதற்கு முன்பே மரங்கள் இருந்தன என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசினேன். ஜெர்சன் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

டெரன்ஸ் தன் வாசலிலிருந்து, "என்ன அண்ணாச்சி, காலையிலேயே மரத்துக்கு வக்கீலா நிக்கிய?" என்றான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கம்பம் டெரன்ஸ் வீட்டு வாசலில் நடப்பட்டது. அவனுக்கு மகிழ்ச்சி; படகுக் கயிறு காயப்போடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது. எனக்கு வரும் கேபிள் இனி தெருவின் குறுக்கே தாண்டித்தான் வரும்.

விஜிலா கேட்டாள்: "போஸ்ட் நம்ம பக்கம்தானே வரும்னாங்க?"

"மாற்றிவிட்டார்கள்" என்றேன். யார் மாற்றினார்கள் என்று சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் கப்பல் முகவர் கம்பெனி ஒன்றின் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்தவன் நான். நனைந்த பருப்பு, நொறுங்கிய பீங்கான், வழியில் வற்றிய எண்ணெய் - எதற்கும் எங்கள் கம்பெனி பொறுப்பல்ல என்று கடிதம் எழுதுவது என் வேலை. அப்படிப்பட்ட வாக்கியங்கள் எனக்குத் தூக்கத்திலும் வரும்.

ஆகஸ்ட் 9, சனி

விஜிலாவைப் பற்றி இங்கே ஒழுங்காக எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

என் மகள். வயது முப்பத்தொன்று. ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், சென்னையிலிருந்து ஒரு பையும் வீங்கிய வலது மணிக்கட்டுமாக வந்து இறங்கினாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நானும் இந்த நோட்டில் அப்படியே எழுதினேன்: 'குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.' திரும்பிப் போகவில்லை.

கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தவற்றில் பெரியது ஒரு மெரூன் நிற சோபா. தூத்துக்குடியில் நான்கு கடை ஏறி இறங்கிப் பிடித்தது. முன்பக்கம் கைப்பிடிக்குப் பதினொரு பித்தளை ஆணி. லாரியில் வேளச்சேரிக்கு அனுப்பினேன். சேதமில்லாமல் வந்து சேர்ந்ததாக மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். அந்தத் தாள் இன்னும் அலமாரியில் இருக்கிறது. இப்போது அந்த வீட்டைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'சோபா வீடு' என்கிறோம். ஆளின் பெயரை இருவரும் சொல்வதில்லை.

அவள் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்காக்காரனுக்கு வருகிற ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. அதைக் கண்டுபிடித்துப் போடவேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்தால் அதற்கும் எண் இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். இருக்கிறது என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "புருசன் அடிச்சாலும் தனி நம்பர் இருக்குப்பா" என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டது: இதுவரை அவள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நாற்காலி போட்டு, மொபைல் சிக்னலில் வேலை பார்க்கிறாள். அங்கேதான் இரண்டு கோடு வரும். கடற்காற்று திரும்பினால் ஒன்று. இனி அது செல்லாது என்று அவள் அலுவலகம் எழுதியிருக்கிறது. அக்டோபர் 1 முதல் 3 வரை சோதனை செய்வார்களாம். வீட்டில் வயர் வழி இணைப்பு இருந்து, மூன்று நாளும் அறுபடாமல் ஓடினால் இங்கேயே இருந்து வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் 6-ஆம் தேதி காலை சென்னை அலுவலகத்தில் இருக்கவேண்டும்.

"ஆபீசுக்கு வேணா போவேன். சோபா கிடக்க எடத்துக்குப் போவமாட்டேன்" என்றாள்.

"அப்படி ஒரு நிலை வராது" என்றேன். கம்பம் நட்டாகிவிட்டதே.

ஆகஸ்ட் 23, சனி

தேவாலயப் பங்கு மண்டபத்தில் பைபர் தொடக்க விழா. கம்பெனியின் பெரிய அதிகாரி பேசினார். தொலைவு என்பதே இனி இல்லையாம். அவர் வந்த கார் பாலத்துக்கு அந்தப் பக்கம் மணலில் புதைந்ததால் விழா இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

ஆகஸ்ட் 30, சனி

இணைப்பு வந்தது. சுவரில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. பச்சை விளக்கு. தெருவில் எங்கள் வரிசையில் வாங்கிய ஒரே வீடு நாங்கள்தான். மற்றவர்கள், வாங்கியவன் வீட்டில் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு வாங்குவார்கள்.

விஜிலா மாடியிலிருந்து நாற்காலியை இறக்கினாள்.

செப்டம்பர் 11, வியாழன்

குசினியில் தாளிக்கும் சத்தத்தோடு பாட்டுச் சத்தம். ரேடியோ என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். ரேடியோ இல்லை. சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

மிக்கேல் சம்மனசு, அதாவது அதிதூதர் மிக்கேல், திருவிழாவுக்குக் கொடியேற்றம். டெரன்ஸ் இந்த வருடம் விழாக் கமிட்டித் தலைவன். குவைத்தில் இருக்கும் ஒருவர் சப்பரத்துக்குப் புதுக் குடை வாங்கித் தந்திருக்கிறார். பழையதைவிட இரண்டடி உயரம்.

"வயர் இடிக்குமேடா" என்றேன்.

"வருசா வருசம் இடிக்கத்தான செய்யுது? கவட்டக் கம்பு வச்சுத் தூக்குவோம். முடியலன்னா வெட்டுவோம், சாமி போனதும் சேத்துருவோம். டிவி கேபிள எத்தன வருசம் வெட்டிருக்கோம்! ஒரு சீரியல் நின்னிருக்கா சொல்லுங்க?"

நின்றதில்லை. உண்மைதான்.

இரண்டு நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் கம்பெனியே கேபிளை இறக்கித் திரும்பக் கட்டும் என்று ஜெர்சன் சொன்னாராம். கமிட்டி சார்பில் கடிதத்தை நான் எழுதித் தரவேண்டுமென்று டெரன்ஸ் கேட்டான். கடிதம் என்றால் ஊரில் என்னிடம்தான் வருவார்கள். எழுதுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

கடிதம் தயார். மூன்று வரைவு. 'பேரன்புடன்' என்று முடிப்பதா 'பணிவன்புடன்' என்று முடிப்பதா என்பதில் ஒரு நாள் போய்விட்டது. ஜெர்சனுக்கு போன் செய்தேன். சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது, திங்கள்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

திங்கள்கிழமைதான் பவனி.

செப்டம்பர் 29, திங்கள்

உள்ளது உள்ளபடி எழுதவேண்டும்.

காலைத் திருப்பலி முடிந்து சப்பரம் எங்கள் தெருவுக்குத் திரும்பியபோது மணி ஒன்பதரை. முன்னால் பேண்டு. பின்னால் பங்குச் சாமியார், அவருக்குப் பின்னால் ஊர். கவட்டைக் கம்புக்காரர்கள் கரண்ட் வயரைத் தூக்கினார்கள், டிவி கேபிளைத் தூக்கினார்கள். என் வீட்டு பைபரையும் தூக்கினார்கள். குடை நுழைந்துவிட்டது. சம்மனசின் வாள் நுழையவில்லை. ஓங்கிய கை, சாத்தானுக்காக ஓங்கியது. அதில் என் கேபிள் போய் மாட்டிக்கொண்டது.

சப்பரம் நின்றது. பேண்டு நிற்கவில்லை. அறுநூறு பேர் என்னைப் பார்த்தார்கள். சாமியாரும் பார்த்தார்.

டெரன்ஸ் ஏணி மேலிருந்து கத்தினான்: "ஒங்க வீட்டு வயருதான் அண்ணாச்சி! வெட்டவா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. இருந்தது. சப்பரத்தைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லியிருக்கலாம். சாமி பின்னால் போகக்கூடாது என்பார்கள். போனால் என்ன? ஆனால் அறுநூறு பேர் பார்க்கிறார்கள், சம்மனசு என் அனுமதிக்காகக் காத்து நிற்கிறார். இந்த அறுபத்தேழு வயதில் இத்தனை பேர் என் வாயைப் பார்த்ததில்லை.

தலையை ஆட்டினேன். கொஞ்சம் கம்பீரமாகக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

மொட்டைமாடியில் விஜிலா. வாய் அசைந்தது. இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். ட்ரம்பெட்காரன் என் காதோரம் நின்று ஊதிக்கொண்டிருந்தான். கீழே இருந்தவர்கள் அவள் சம்மனசுக்குக் கையசைப்பதாக நினைத்து, திரும்பக் கையசைத்தார்கள்.

பதினோரு மணிக்கு, சொன்ன சொல் தவறாமல், டெரன்ஸ் ஆட்களோடு வந்தான். முடிச்சுப் போட்டது ஜேசுபாதம். இந்தக் கரையில் வலை முடிச்சுக்கு அவன்தான் ஆள். வெட்டிய இரண்டு முனையையும் சேர்த்து, முறுக்கி, உள்ளே விட்டு, வெளியே எடுத்து, பல்லால் இறுக்கினான். மேலே கறுப்பு டேப். பிறகு கேபிளைப் பிடித்துத் தொங்கியே காட்டினான்.

"விசைப்படகையே கட்டி இழுக்கலாம் அண்ணாச்சி" என்றான் டெரன்ஸ்.

உள்ளே வந்து பார்த்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு.

"அதுக்குள்ள இருக்கது கண்ணாடிப்பா" என்றாள் விஜிலா. "முடிச்சு போட்டா எப்படி வெளிச்சம் போவும்?" சத்தமாகக்கூட சொல்லவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

புகார் கொடுத்தேன். குறுஞ்செய்தி வந்தது: 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். தங்கள் புகார் எங்களுக்கு முக்கியமானது.' எழுதியவனுக்கு வேலை தெரியும். எங்கள் கம்பெனியில் இருந்திருந்தால் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

மாலை ஜெர்சன் வந்தார். முடிச்சைக் கழற்ற முயன்று தோற்றார். "நல்ல முடிச்சு ஐயா" என்றார். ஏளனம் இல்லை, உண்மையான மரியாதை. கண்ணாடி இழையை ஒட்டவைக்க ஒரு மெஷின் வேண்டும். இந்த வட்டாரத்துக்கு ஒன்றுதான். அதுவும் ஆளும் ஓட்டப்பிடாரம் பக்கம் புதிய பகுதிகளுக்கு இணைப்பு கொடுக்கப் போயிருக்கிறார்கள். பத்து நாளாகும்.

"ஏற்கெனவே கொடுத்த இடத்தில் அறுந்தால்?"

"புதுசுக்குத்தான் ஐயா டார்கெட் இருக்கு. ரிப்பேருக்கு டார்கெட் கிடையாது. ஒரே ஏரியால மூணு புகார் வந்தா அவசரம்னு எழுதலாம். உங்க வரிசையில நீங்க ஒருத்தர்தான்."

அக்டோபர் 1, புதன்

சோதனை, முதல் நாள். நாற்காலி மாடிக்குத் திரும்பியது. ஒரு கோடு. காலை பத்தரைக்குள் நான்கு முறை அறுந்தது.

டெரன்ஸ் வந்தான். அவனுக்கு விஷயம் இப்போதுதான் தெரியும். எனக்கும் அவனுக்குமிடையே விஜிலா ஏன் வந்திருக்கிறாள் என்ற பேச்சு இதுவரை வந்ததில்லை. தன் வீட்டு இணைப்பிலிருந்து அவளை வேலை பார்க்கச் சொன்னான். கம்பத்துக்கு அந்தப் பக்கம் விளக்கு பச்சைதான். அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். இணைப்பு அவள் பெயரிலோ தகப்பன் பெயரிலோ பதிவு செய்த முகவரியில் இருக்கவேண்டுமாம். ரகசியக் காப்பு விதி.

டெரன்ஸ் வாசலில் உட்கார்ந்து, "நான் வெட்டிட்டனே அண்ணாச்சி, நான் வெட்டிட்டனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இல்லை, நான்தான் தலையாட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். காப்பி கொடுத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

சோதனை முடிந்தது. விஜிலா பையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 4, சனி

அவள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாழ்க்கையில் முதல்முறையாக சேதத்துக்கு உண்மையான காரணத்தை எழுதினேன். திரும்பப் படித்தேன். அதிதூதரின் வாள், வலை முடிச்சு, ஓட்டப்பிடாரத்தில் மெஷின். நான் கிளெய்ம் பிரிவில் இருந்திருந்தால் இதைச் சிரித்துவிட்டுத் தள்ளுபடி செய்திருப்பேன். இருந்தாலும் அனுப்பினேன்.

ஒன்றரை மணி நேரத்தில் பதில். 'தங்கள் சூழ்நிலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். எனினும்' - அதற்கு மேல் படிக்கவில்லை. 'எனினும்' என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? ஆயிரம் முறை எழுதியவன்.

ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாமாம். அதை விஜிலா வாசித்துச் சொன்னாள்.

வேலையை விட்டுவிடேன் என்றேன். "விட்டுட்டு? அவங்க மேல கேஸ் போட வக்கீலுக்கு யாரு குடுப்பா? ஒங்க பென்சனா?" என்றாள். எனக்கு பென்சன் கிடையாது. அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 5, ஞாயிறு

முத்துநகர் எக்ஸ்பிரஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூட வேலை பார்க்கும் ஸ்டெபியின் ஹாஸ்டல் அறையில் கொஞ்ச நாள் தங்கப் போகிறாள். சோபா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நான் கேட்காமலே சொன்னாள்.

வண்டி நகர்வதற்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னல் கம்பி வழியாக: "ஜெர்சன் சார் சொன்னாரு. போஸ்ட் மொதல்ல நம்ம வாசலுக்குத்தான் போட்டிருந்தாராம்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம பக்கமே வந்திருந்தா ரோட்டத் தாண்டிருக்காதுல்லப்பா?"

தாண்டியிருக்காது.

"சரி. மரத்தப் பாத்துக்கிடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

மெஷின் வந்தது. எட்டு நிமிட வேலை. ஜேசுபாதத்தின் முடிச்சை வெட்டியெடுத்துத்தான் ஒட்டினார்கள். வெட்டிய முடிச்சை டெரன்ஸ் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனான்.

பச்சை விளக்கு.

அக்டோபர் 17, வெள்ளி

போன். ஹாஸ்டலில் விருந்தாளி பத்து நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்கிறார்களாம். காலியிடம் டிசம்பரில்தான். வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனியாக வரும் பெண்ணுக்கு வீடு தருகிறவர்கள், புருசன் எங்கே என்று கேட்கிறார்களாம்.

நான் வரட்டுமா என்றேன். "வந்து?" என்றாள். கேள்வி நியாயமானது.

அக்டோபர் 21, செவ்வாய்

இரவெல்லாம் மழை. காலையில் பார்த்தால் முருங்கை மரம் இடுப்பளவில் முறிந்து கேட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. பெரிய காற்றுகூட இல்லை. டெரன்ஸும் அவன் ஆட்களும் வந்து இழுத்துப் போட்டார்கள். "பொக்கு மரம் அண்ணாச்சி. தானா விழுற மரம்" என்றான். அடிக்கட்டை மட்டும் நிற்கிறது.

கீரையை ஆடு தின்றது.

அக்டோபர் 25, சனி

விஜிலா போன். குரல் தட்டையாக இருந்தது.

"எங்க ஆபீஸ் வாசலுக்கு அவங்க வந்திருந்தாங்க. அவங்க அம்மாவும். எல்லாரும் பாக்க கையப் பிடிச்சி அழுதாங்க. மன்னிப்பு கேட்டாங்க."

"எந்தக் கையை?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

 "அங்க மழையாப்பா?" என்றாள்.

அக்டோபர் 29, புதன்

எங்கள் வரிசையில் இன்னும் நான்கு வீட்டுக்கு பைபர் வேண்டுமாம். என் வீட்டில் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஜெர்சன் நாடாவோடு வந்தார். அடிக்கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  நானே சொன்னேன்: "நட்டுக்கொள்ளுங்கள்."

மதியத்துக்குள் கம்பம் நின்றது. இனி கேபிள் தெருவைத் தாண்டாது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். என் மனைவி பிளாரன்ஸின் கல்லறைக்கு வியாழக்கிழமையே வெள்ளையடித்துவிட்டேன். ஆறு மெழுகுதிரி கொளுத்தினேன். காற்றில் நான்கு அணைந்து இரண்டு நின்றன. சாமியார் மந்திரித்து ஆசீர்வதிக்க வரும்போது அவையும் அணைந்துவிட்டன. வழக்கமாக விஜிலா பக்கத்தில் நின்று கையால் மறைத்துக்கொள்வாள்.

மதியம் வீடியோவில் கூப்பிட்டாள். கல்லறையை போனில் படம் பிடித்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். அம்மா பெயரில் ஒரு எழுத்துக்கு மை விட்டுப்போயிருக்கிறது என்றாள். ஆமாம், ஒரு எழுத்து. அடுத்த வாரம் பூசிவிடுகிறேன் என்றேன். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டதாகச் சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் பேசினோம்.

இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. படம் மிகத் தெளிவாக இருந்தது. அவள் மெரூன் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியில் பித்தளை ஆணிகள் பதினொன்றும் தெரிந்தன.